மாடியில் ஆயிரத்து நானூறு இசைத்தட்டுகள்

இசை கேட்கும் பழக்கம் எனக்கு எழுபத்திரண்டாம் வயதில் வந்தது. இந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வருகிறது, எங்கள் அண்ணனுக்கு ஜாஸ் வந்திருக்கிறது என்று என் தங்கை சொல்வாள். அவள் சொல்லி நான் சிரித்தது மிகக் குறைவு. இதற்குச் சிரித்தேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. நான் நிதானமாகவே பேசுவேன். முப்பத்து நான்கு வருஷம் மின் ஆய்வாளராக இருந்தவன். அறிக்கை சொல்லிப் பழக்கம் உண்டு. இறந்துபோன மனிதரை நாங்கள் கப்பல்காரர் என்றே கூப்பிட்டுவந்தோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டு வாசலில் நின்று யாரும் குரல் உயர்த்தியதில்லை. என் அப்பா இருந்தவரை வானொலி செய்திக்கு மட்டும்தான். செய்தி முடிந்து ஒரு பாட்டின் முதல் எழுத்து வருவதற்குள் அவர் கை குமிழின் மேல் இருக்கும். பாட்டு என்பது வேலையில்லாதவர்களுக்கு என்பது அவர் கருத்து. எனக்கு வேலை இருந்தது. அதனால் நான் பாட்டுக் கேட்கவில்லை. இதில் வருத்தம் எதுவும் இல்லை.

தங்கை எனக்குப் பதினான்கு வயது இளையவள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். அவளுக்கு நான்கு வரன்கள் வந்தன. முதல் ஆள் சிரிக்கும்போது ஈறு தெரிந்தது. இரண்டாவது ஆளின் அண்ணன் விவாகரத்து ஆனவர். மூன்றாவது ஆள் எங்கள் வீட்டுக் குழாயில் கை கழுவும்போது சீட்டியடித்தார். நான்காவது ஆளிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. ஆகவே அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைத்தாள். யாரும் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் மாடியைக் கப்பல்காரருக்கு வாடகைக்கு விட்டேன். அறுபத்தொரு வயது, தனி ஆள். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் வானொலிச் செய்தி அனுப்பும் வேலை. வந்த அன்று வண்டியிலிருந்து நாற்பது மரப்பெட்டிகள் இறங்கின.

"என்ன சார் இது?" என்று கேட்டேன்.

"பாட்டு சார்."

"எல்லாமேவா?"

"துணிமணி இந்தப் பையில இருக்கு," என்று தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினார்.

கப்பல் நின்ற துறைமுகம் ஒவ்வொன்றிலும் இறங்கி அவர் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள். ராக், ஜாஸ், ஊர் ஊராக மக்கள் பாடிய நாட்டுப்புறப் பாட்டு. மொத்தம் ஆயிரத்து நானூறு. சத்தம் கீழே வராது என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் உண்மையிலேயே வரவில்லை.

வந்தது தங்கையின் சிரிப்புதான். அவருடைய கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துக் கொடுக்க மாடிக்குப் போனவள் அரைமணி நேரம் கழித்துச் சிரித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெருவில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் மாடிப்படியில் கால் வைத்தபோது, நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு அண்ணா?"

"பாட்டுக் கேட்க."

"நீங்களா?" என்றவள், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, வாங்க. ஆனா அங்க யாருக்கும் குற்றப்பத்திரிகை எழுதக்கூடாது," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்கள் இருவரும் இரண்டு பக்கம் உட்கார, நடுவில் நான் ஒரு மர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தேன். குடும்பத்தில் மூத்தவன் உட்காரவேண்டிய இடம் அது. கப்பல்காரர் நீல அட்டை போட்ட ஒரு தட்டை எடுத்தார். தட்டைச் சுழலவிட்டு, ஈரத்துணியால் ஒரு சுற்று துடைத்து, பிறகு ஊசியை வைத்தார். ஒரு எக்காளம் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல ஆரம்பித்தது. பின்னால் மேளக்காரர் ஏதோ தூரிகையால் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். நிதானமான ஆள் ஒருவர் அவசரமே இல்லாமல் முற்றம் பெருக்குகிற சத்தம். எனக்கு அந்த ஆளைப் பிடித்தது.

"அண்ணா, உங்க கால் ஆடுது," என்றாள் தங்கை.

"நாற்காலி ஆடுது."

"நாற்காலிக்கு வேட்டி கட்டிவிட்டது யாரு?"

கப்பல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டின் அட்டையைப் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது என்பது அந்த அறையின் விதி. விதியை மீறியது என் தங்கைதான் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொள்வது என் வழக்கம். பழைய ஆய்வு நோட்டு ஒன்று காலியாக இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி. 'எக்காளம்: நல்ல நிலையில். இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டு: சூடு சற்று அதிகம், ஏற்கத்தக்கது.' நாட்டுப்புறப் பாட்டில் ஒரு பெண் ஒற்றைக் கிதாரோடு பாடினாள். சுரங்கத்துக்குப் போன அப்பா திரும்பி வராத வீட்டைப் பற்றிய பாட்டு என்று கப்பல்காரர் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் இன்னொரு முறை போடச் சொன்னேன். அடுத்தவர் வீட்டில் எதையும் இரண்டாவது முறை கேட்டு வாங்குவது எங்கள் வழக்கமே இல்லை.

ராக்கை அவர் கடைசியாகத்தான் எடுத்தார். என் இதயத்தை நினைத்துப் பயந்தாராம். அட்டையில் நான்கு பேர். அப்பா என்று ஒருவர் இருந்து ஒரு வார்த்தை கண்டித்திருந்தால் இந்தத் தலைமுடி வளர்ந்திருக்காது. பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்தே விட்டேன். முப்பத்து நான்கு வருஷம் ஆலை ஆலையாக, தியேட்டர் தியேட்டராகப் போய் எந்தச் சத்தத்தை நான் ஒழித்துவந்தேனோ, அந்த மின்சார இரைச்சலை இவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கி, அதற்குத் தாளமும் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இருபத்து மூன்று நிமிடம். என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'முற்றிலும் பாதுகாப்பற்றது. நாளை மறுபடி ஆய்வு செய்யவேண்டும்.'

நாளையும் செய்தேன். அதற்கு மறுநாளும்.

நல்ல நாட்கள் அம்மா. அதை மறைக்க எனக்குக் காரணமில்லை. சாயங்காலம் ஆறு மணி எப்போது வரும் என்று மதியம் மூன்று மணிக்கே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தங்கைக்கு வேலை முடியவில்லை என்றால், "பட்டன் நாளைக்குத் தைக்கலாம், கிளம்பு," என்பேன். அந்த வீட்டில் நான் அப்படிப் பேசியதே கிடையாது.

அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பழையது. பாட்டுக்குக் கீழே மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எர்த் கம்பியைச் சரிசெய்து கொடுத்தேன். இரைச்சல் போனதும் அந்த எக்காளக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கப்பல்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணா!" என்றார். அதுவரை சார்தான். அந்தச் சொல்லை உபயோகிக்க நான் அனுமதி கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் அவருக்கு எச்சரித்தேன். தட்டைத் துடைக்கும்போது ஒரு கையில் ஈரத்துணி, இன்னொரு கையை ஆம்ப்ளிஃபயரின் உலோக மூடிமேல் ஊன்றிக்கொள்வார். கப்பலில் ஆடி ஆடி வந்த பழக்கம், எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

"அந்தக் கையை அங்க வைக்காதீங்க."

"நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்சு கொடுத்த மெஷின் அண்ணா. இதுல எனக்கென்ன பயம்?"

இன்னொன்றும் செய்தேன். இசைத்தட்டை முதலில் ஒரு மெல்லிய காகித உறையில் போட்டு, பிறகு அட்டைக்குள் வைப்பார்கள். அந்த உறையின் வாய் பக்கவாட்டில் இருக்கும்படி அவர் வைப்பார். அதில் தூசி போகும், தட்டும் நழுவும். வாய் மேலே பார்த்து இருக்கவேண்டும். நான் எடுத்து வைத்த தட்டுகளையெல்லாம் அப்படித்தான் வைத்தேன். "அண்ணா வெச்சது நின்னுக்கிட்டு இருக்கும், நான் வெச்சது படுத்துக்கிட்டு இருக்கும்," என்று அவர் கேலி செய்வார். தங்கையும் அவர் கட்சி.

பதினொரு மாதத்தில் அறுநூற்று நாற்பது தட்டுகளை முடித்திருந்தேன். மீதி எழுநூற்று அறுபது. நாளைக்கு இரண்டு வீதம் இன்னும் ஒரு வருஷமும் பதினைந்து நாளும் ஆகும் என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, ஒரு பக்கம் முடிந்து அவர் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது தங்கை சொன்னாள்.

"அண்ணா, கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"யாரு?"

"இந்த ரூம்ல மூணு பேர்தான் இருக்கோம். உங்களைக் கழிச்சுக்கோங்க."

கடலோரத்தில் அவருடைய அக்கா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். அடுத்த வாரமே போகிறார்களாம். கப்பல்காரர் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதன் பள்ளங்களில் விரல் படாமல் விளிம்பில் பிடித்திருந்தார், அதையும் கவனித்தேன். நான் இரண்டாம் பக்கத்தைப் போடச் சொன்னேன். போட்டார்.

நீங்கள் இளையவர். எங்கள் மாதிரிக் குடும்பத்தில் இது என்ன என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப் பெண் மாடியில் குடியிருந்தவரோடு கிளம்பிப் போகிறாள். தெருவே ஜன்னலுக்கு வரும். நான் திருப்பி அனுப்பிய நான்கு பேரும் எங்கிருந்தாலும் சிரிப்பார்கள், முதல் ஆள் ஈறு தெரியச் சிரிப்பார். மூத்தவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான் என்று என் அப்பா கேட்டிருப்பார்.

வியாழக்கிழமை காலை கப்பல்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போனார். என்னிடம் மாடிச் சாவி இன்னொன்று உண்டு. மேலே போய் ஆம்ப்ளிஃபயரில் நான் செய்திருந்த வேலையைக் கலைத்து, வேறு மாதிரி செய்தேன். என்ன செய்தேன் என்பதைத் தனியாக எழுதித் தருகிறேன். நன்றாகச் செய்த வேலை.

மதியம் தங்கை தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போனாள். திரும்பி வந்ததும் ஏதோ ஒரு தட்டு போடுவதாக அவர் சொல்லியிருந்தார். நான் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்கு மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு விழும் சத்தம். பதினேழு படிகள். எனக்கு முழங்கால் வலி உண்டு, அது உண்மைதான்.

அவர் தரையில் கிடந்தார். ஈரத்துணி கையிலேயே இருந்தது. அந்த நீல அட்டைத் தட்டு ஈரத்தோடு சுழன்றுகொண்டிருந்தது. சுவர் சுவிட்சை அணைத்தேன். தட்டு நின்றதும் எடுத்து, உலர்ந்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். பள்ளத்தில் ஈரம் நின்றால் பிறகு படபடவென்று சத்தம் வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உறையில் போட்டு, அட்டைக்குள் வைத்து, அலமாரியில் அதன் இடத்தில் செருகினேன். பிளேயரின் மூடியை மூடினேன். கம்பியைப் பழையபடி மாற்றினேன். பிறகு கீழே வந்து எதிர்வீட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

கால்மணி நேரம் இருக்கலாம். உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அப்போது மூச்சு இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின் துறையிலிருந்து வந்து பார்த்தவன் என்னிடம் வேலை கற்றவன். "பழைய மெஷின் சார், என்ன பண்றது?" என்றான். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது பொய் ஆகாது. எங்கள் வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை. நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவோம். மூன்று வாரம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுத் தங்கை கேட்டாள். மாடிக்குப் போய் வெகுநேரம் இருந்தாள். கீழே வந்தபோது கையில் அந்த நீல அட்டை இருந்தது.

"அண்ணா, அவர் கையில ஈரத்துணி இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னார். மெஷின்ல தட்டு இல்ல, மூடி மூடியிருந்துச்சு. அப்ப அவர் எதைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்?"

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். அவள் அட்டையைச் சாய்த்து உள்ளே காட்டினாள். உறையின் வாய் மேலே பார்த்து இருந்தது.

"நான் வந்ததும் போடறேன்னு அவர் சொன்ன தட்டு இது, முந்தின நாள் அவரே எடுத்து வெச்சது. இப்ப நின்னுக்கிட்டு இருக்கு அண்ணா. யாரு வெச்சது?"

"நான்தான்."

"அவர் கீழ கிடந்தப்பவா?"

"ஆமா."

"மெஷின்ல கை வெச்சதும் நீங்கதானா?"

"நான்தான்."

அவள் கத்தவில்லை. அது எங்கள் வளர்ப்பு. அந்தத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, தையல் மெஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். விடிந்ததும், "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க சட்டை மாத்திக்கிட்டு இருங்க," என்றாள். இஸ்திரி போட்ட சட்டையை அவள்தான் எடுத்துவைத்தாள்.

அவர்களைப் போக விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் பிடிவாதக்காரன் அல்ல அம்மா. விடத்தான் நினைத்தேன். புதன்கிழமை தங்கை இல்லாத நேரமாகப் பார்த்து மாடிக்குப் போய், முறையாகவே பேசினேன். "என் தங்கையை நானே முன்னால நின்னு கட்டிக்கொடுக்கிறேன். தெருவுல எவன் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கிறேன்," என்றேன். மனிதர் கண் கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தட்டுகளை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க," என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா அண்ணா? எல்லாத்தையும் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கிறதா வாக்குக் கொடுத்துட்டேனே. வெள்ளிக்கிழமை காலையில வண்டி வருது."

"எதுக்குக் கொடுக்கணும்? எடுத்துக்கிட்டுப் போறதுதானே?"

"அங்க இருக்கிறது ஒரே ரூம். அவங்க தையல் மெஷினைப் போட்டா, அப்புறம் ஒரு பெட்டிக்குக்கூட இடமில்ல."

"மெஷினை விட்டுட்டுப் போகலாமே."

"அது அவங்களோடது அண்ணா. என்னோடதைத்தானே நான் விடமுடியும்?"

வாக்கை மாற்றச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். மாற்ற முடியாது என்றார். தட்டுகளை அடுக்க நாற்பது காலிப் பெட்டிகளையும் ஏற்கெனவே துடைத்து வரிசையாக வைத்திருந்தார். முப்பது வருஷம் கடல் கடலாகச் சேர்த்ததை ஒரு தையல் மெஷினுக்காகத் தூக்கிக் கொடுக்கிற மனிதர் அவர். இப்படி ஒரு ஆளை நம்பி வீட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்ற எனக்கு வியாழக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.